தண்ணீர் வராத குழாய்கள்

2002, ஜனவரி. சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறையில், பழைய கணிப்பொறிகளைப் பழுது நீக்கித் திறன் கூட்டித் தரும் தொழிலை என் மனைவி தொடங்கினாள். முதலில் வந்தவை ஓர் அச்சகம் ஒதுக்கிவிட்ட பெட்டிகள்.

அதே ஆண்டு, பிப்ரவரி. முன்னறை வாசலில், கை எட்டும் உயரத்தில், செப்புத் தகடு ஒன்று பதிக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி, முற்றத்திலுள்ள எர்த் குழிக்குப் போகிறது.

2005, அக்டோபர். தாயில்பட்டிச் சாலையில் உள்ள பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் கணிப்பொறி, ஆயுதபூசைக்கு அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அன்றே அதன் ராம் என்னும் நினைவகப் பலகை கழற்றி எடுத்துவரப்பட்டது. பிறகு மீண்டும் பொருத்தப்பட்டது.

2009, மார்ச். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவள் காலமானாள். உடன் இருந்தவன் நான்.

இவ்வளவும் சரிபார்த்து எழுதியவை. இனி எழுதப்போவதைச் சரிபார்க்க ஆள் இல்லை.

அவளிடம் வருகிறவர்களின் காதில் வாசலிலேயே விழும் சொல் ஒன்று உண்டு. தலையை நிமிர்த்தாமல், கையிலிருக்கும் திருப்புளியை நிறுத்தாமல் சொல்வாள்: “தொட்டுட்டு வாங்க.”

பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து கலக்கும் அறைகளின் வாசலில் இத்தகைய தகடு இருக்கும். உள்ளே போகிறவர் வெறுங்கையால் அதைத் தொட வேண்டும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் சேர்ந்துவிடுகிற மின்னேற்றம் தகட்டின் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போகிறவரின் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று தங்கியிருக்கும். மருந்துக்கு அது போதும். கணிப்பொறியின் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கும் அது போதும். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தகட்டின்மேல் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. தபால்காரரையும் தொடச் சொன்னதில்தான் இருந்தது.

“அவரு உள்ளயே வரப்போறதில்லையே” என்றேன்.

“இன்னைக்கு வரலைங்க. ஒரு நாளைக்கு மழைக்கு ஒதுங்குவாரு. அன்னைக்குப் பழக்கம் வேணும்ல.”

காலையில் காப்பிக்கு முன்பு எர்த் குழியில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு புளியைக் கரைத்துத் தகட்டை விளக்குவாள். கறுத்த செம்பின் வழியாகவும் மின்னேற்றம் கடந்துபோகும், தினமும் விளக்க வேண்டிய தேவையில்லை என்று ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை. “கடக்கும்ங்க. கறுத்துக் கிடக்கிறத எவன் தொடுவான்? பளபளன்னு இருந்தாத்தான் கை போகும்” என்றாள். அதற்குப் பிறகு நான் புளி வாங்கி வருவதோடு நிறுத்திக்கொண்டேன்.

தெருவில் அவளுக்குக் கம்ப்யூட்டரக்கா என்று பெயர். மணமாவதற்கு முன்பும் பின்பும் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதியவள். அங்கே கணிப்பொறி வந்தபோது, அது நின்றுபோகும் நாள்களில் மதுரையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே திறந்து பார்க்கத் தொடங்கினாள். சிறிய அச்சகங்களும் தீப்பெட்டி ஆபீசுகளும் புதிய பெட்டி வாங்கத் தயங்கிய காலம் அது. அவள் ராமைக் கூட்டுவாள். பெரிய ஹார்ட் டிஸ்க் மாற்றுவாள். ஓய்ந்துபோன மின்விசிறியைக் கழற்றிவிட்டு வேறு பூட்டுவாள். ராமின் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் துலக்குவாள். நான்கைந்து ஆண்டு உழைத்த பெட்டி எழுந்து உட்காரும்.

எழுந்த பெட்டியை அவள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. “இப்போதைக்கு ஓடும்” என்பாள். காலண்டர் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இது பொறுக்காது.

“வாய் நிறைய நல்லா ஓடும்னு சொன்னா என்னத்தா? நான் என்ன எழுதியா வாங்கிக்கிடப் போறேன்?”

“சொல்லிட்டு, அது நின்னுபோச்சுன்னா என் வாயையா கழட்டி மாட்டுவீக?”

பட்டாசுக் கம்பெனி ஆபீசுகளிலிருந்து வரும் பெட்டிகளுக்கு முன்னறையில் இடமில்லை. பின்பக்கம், மண் தரையில் வைத்துத்தான் திறப்பாள். அந்த வேளையில் சமையலறை அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டில் சாம்பிராணி போடுகிறார்களா என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். மூடியைக் கழற்றியதும் குனிந்து மோந்து பார்ப்பாள். விசிறியின் இதழ்களிலும் பவர் சப்ளையின் துளைகளிலும் வெள்ளியைப் போல மினுங்கும் தூசி படிந்திருக்கும். அது வேலையாட்களின் துணியிலும் காலிலும் ஒட்டி ஆபீசுக்கு வந்த அலுமினியப் பவுடர். மின்சாரத்தைக் கடத்தும், நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் புளோயரால் ஊதித் தள்ளிவிடுவார்கள். அவள் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல இறக்கி, எண்ணெய் தொட்ட துணியில் ஒற்றி எடுப்பாள். ஈரம் பட்டால் அந்தப் பவுடர் சூடேறும், ஈரத்துணி வேண்டாம், எண்ணெய்த் துணி எடு என்றது நான். அதை மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டாள்.

அவளுடைய தந்தை ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். எங்கள் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அது எப்படி நேர்ந்தது என்பதை எங்கள் வாழ்வில் ஒரே ஒருமுறை, அப்படியொரு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். “அப்பா தொட்டுட்டுத்தான் உள்ள போனாக. பின்னால வந்தவரு தொடல.” பிறகு பிரஷ்ஷைத் தரையில் தட்டாமல், துணியில் துடைத்து வைத்தாள்.

இப்படிப்பட்டவள் வேடிக்கையாகப் பேசுவது அபூர்வம். பேசிய ஒரு வேடிக்கை அவளைப் பிற்பாடு மிகவும் அலைக்கழித்தது.

காலண்டர் அண்ணாச்சி ஒருநாள் வாசலில் தகட்டைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கேக்கணும்னே இருந்தேன். இது எந்தச் சாமித்தா?”

“எர்த்துச் சாமி, அண்ணாச்சி. தொட்டவுகள விட்டுரும். தொடாதவுகளப் பிடிச்சுக்கிடும்.”

“பரவால்லையே. எங்க குலசாமி ரெண்டு பேரையும் பிடிக்கும்.”

அன்று அங்கே இன்னொருவரும் இருந்தார். தாயில்பட்டிச் சாலையில் உள்ள பட்டாசுக் கம்பெனி ஒன்றின் மேனேஜர். தீபாவளி சீசனில் பில் போடும் கணிப்பொறி திணறுகிறது, ராமைக் கூட்டித் தர வேண்டும் என்று பெட்டியும் மானிட்டருமாகக் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சியோடு சேர்ந்து சிரித்தார். போகும்போது அவரும் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆயுதபூசை கழிந்த அடுத்த வாரம் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆட்டோவில் மானிட்டர் என் மடியில் இருந்தது. பழைய வகை, பாறாங்கல் கனம். ஆபீசில் எல்லாவற்றையும் பூட்டி, ஒரு மாதிரி பில் அடித்துக் காட்டினாள். மேனேஜர் மகிழ்ந்துபோனார்.

“அக்கா, அப்படியே ஒரு எட்டு வாங்க. உங்க சாமிக்கு நாங்க என்ன செஞ்சிருக்கோம்னு பார்த்துட்டுப் போங்க.”

கம்பெனியில் அறைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே தனித்தனியாக நின்றன. வெளியாட்கள் நெருங்கக் கூடாது. எல்லைக் கல்லருகே நின்று பார்த்தோம். முதல் அறையின் வாசலில், தகடு இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். மேலே வாடத் தொடங்கிய செவ்வந்தி மாலை.

“எல்லா ரூமுக்கும் போட்டாச்சுக்கா. பூசாரியக் கூப்பிட்டு முறையாச் செஞ்சோம். முன்னெல்லாம் தொடுங்கப்பா தொடுங்கப்பான்னு கத்தணும். இப்ப பயபக்தியா நின்னு போறாக.”

அப்போது எங்கள் தெருவைச் சேர்ந்த சண்முகத்தாய் அந்த அறையை நோக்கி வந்தாள். மருந்து அறையில் வேலை செய்கிறவள். எங்களுக்கு நெடுநாள் பழக்கம். வாசலில் நின்று இரு கைகளையும் கூப்பினாள். தலை தாழ்த்தி வணங்கினாள். உள்ளே போனாள். கை தகட்டில் படவில்லை.

என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறர் முன்னிலையில் அவள் அப்படிச் செய்ததில்லை. அவள் கூவி அழைக்கவில்லை. மருந்து அறையின் பக்கம் யாரும் கூவுவதில்லை. உள்ளிருப்பவர் திடுக்கிடக் கூடாது. சண்முகத்தாய் வெளியே வரும்வரை நின்றோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டிலிருந்த பிடி தளரவில்லை என்பது மட்டும் தெரியும்.

வந்தவளை மரத்தடிக்கு அழைத்துப்போய்க் கேட்டாள். “ஏ தாயி, ஏன் தொடல?”

சண்முகத்தாய் என்னையும் மேனேஜரையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். மாதவிலக்கை எங்கள் பக்கத்துப் பெண்கள் குறிப்பிடும் சொல்லைச் சொன்னாள். “தூரமா இருக்கேன்க்கா. சாமியத் தொடலாமா?”

“போன மாசம் தொட்டேல்ல?”

“போன மாசம் அது தகடுதானக்கா.”

“உன்ன மாதிரி வேற யாரும் இருக்காகளா?”

“எப்பவும் நாலஞ்சு பேரு இருப்போம்ல. ஒருத்திக்கு முடிஞ்சா இன்னொருத்திக்கு. கவுச்சி சாப்பிட்டு வார ஆம்பளையாள்களும் தொடுறதில்ல. கும்பிட்டுட்டுத்தான்க்கா போறோம். கும்பிடாம ஒருத்தரும் போகல.”

சண்முகத்தாய் அதை ஆறுதல் சொல்லும் தொனியில் சொன்னாள். என் மனைவியின் முகத்தில் அன்று நான் கண்டதற்கு வேதியியலில் பெயர் இல்லை. விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னவள் அவள். அந்த வார்த்தை இங்கே வந்து, ஒவ்வொரு வாசலிலும் சந்தனம் பூசிக்கொண்டு, ஆட்களைத் தொடாமல் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆபீசுக்குத் திரும்பினாள். சன்னல் கம்பியைத் தொட்டாள். பெட்டியைத் திறந்து, சற்று முன் தானே பூட்டிய ராமைக் கழற்றினாள். விரல் நீளப் பலகை. அது இல்லாமல் கணிப்பொறி கண் விழிக்காது. அதற்குரிய பையில் இட்டு, டிபன் டப்பாவில் வைத்து மூடினாள்.

“என்னக்கா, ஏதும் கோளாறா?”

“கம்ப்யூட்டர்ல இல்ல. சந்தனத்தக் கழுவுங்க. மாலையை எடுங்க. எல்லாரும் தொட்டுட்டுப் போறத நான் பார்க்கணும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்.”

“லோடு ஏத்தி லாரி நிக்குதுக்கா. பில்லு போடணும்.”

“கையால எழுதுங்க. முன்ன அப்படித்தான எழுதுனீக.”

“சிவகாசியில வேற ஆளா இல்ல?” மேனேஜரின் குரல் மாறிவிட்டது. “சாமி காரியத்துல கை வைக்கிறீக. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல?”

“அதத்தான் நானும் கேக்கேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் உட்கார்ந்தாள். ஆனால் எந்தத் திருகையும் அவள் கழற்றியதாகத் தெரியவில்லை. சிவகாசியில் வாழ்கிறவர்களின் காது சும்மா இருப்பதில்லை. அன்று அவளுடைய காது முழுவதும் தாயில்பட்டிப் பக்கமாகவே இருந்தது. எதிர்வீட்டில் இரும்புக் கதவை அடித்துச் சாத்தியபோது எழுந்து நின்றாள். பிற்பகலில் தொலைவில் ஒரு சத்தம் கேட்டது. கனத்த, ஒற்றைச் சத்தம். தெருவில் எல்லா வாசல்களிலும் ஆள் வந்துவிட்டார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். புகை எழுகிறதா என்று பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். புகை இல்லை. கல்குவாரி வெடியாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் போகவில்லை. சண்முகத்தாயை இறக்கிவிடும் கம்பெனி வேன் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தாள்.

சண்முகத்தாய் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வழக்கம்போல வாசல் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“இங்கன மட்டும் தொடுற?”

“இது உங்க வீட்டுத் தகடுதானக்கா.” பிறகு சொன்னாள்: “நீங்க போனதும் எல்லாத்தையும் கழுவிட்டாக. மேனேஜர் தொடுங்க தொடுங்கன்னு நின்னாரு. எப்படிக்கா? ஒருக்கா சாமின்னு கும்பிட்டத, இன்னைக்கு இல்லன்னு சொன்னா கை போகுமா?”

கழுவினால் போதும் என்று என் மனைவி நம்பியிருந்தாள். அது போதவில்லை என்றால் அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சண்முகத்தாய் முற்றத்துக் குழாயைத் திறந்து, முகம் கழுவி, இரு கைகளால் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். குழாயை மூடினாள். என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, குழாயத் தொடுறதுக்கு நாள் பாப்பியா?”

“குழாய்க்கு என்னக்கா நாளு?”

மறுநாள் காலை ஹார்டுவேர் கடை திறந்ததும் போய்ப் பித்தளைக் குழாய்களாகப் பொறுக்கி வாங்கி வந்தாள். பூச்சு மின்னேற்றத்தைத் தடுக்கும் என்று, வார்னிஷ் பூசியவற்றை ஒதுக்கிவிட்டாள். மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார், பிறகு, லாரிக்காரர்கள் கையெழுத்துப் பில்லை வைத்துக்கொண்டு தகராறு செய்யத் தொடங்கவே, ஒப்புக்கொண்டார். வேலை நடக்காத விடுமுறை நாளில் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வாசலிலும் தகட்டை எடுத்துவிட்டு, அதே எர்த் கம்பியில் ஒரு குழாயைப் பூட்டினார். அவள் பின்னாலேயே மின்தடை பார்க்கும் மீட்டரோடு போய் ஒவ்வொன்றையும் அளந்தாள். எடுத்த தகடுகளை மேனேஜர் கேட் அருகே ஒரு மாடத்தில் அடுக்கி விளக்கேற்றி வைத்தார். “சாமிய இடம் மாத்திட்டோம்” என்று ஆட்களிடம் சொன்னார். அதை அவராகவே யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்த நாள் எல்லைக் கல்லருகே நின்று பார்த்தோம். சண்முகத்தாய் வந்தாள். குழாயை ஒரு கையால் பற்றினாள். சிரித்தாள். உள்ளே போனாள். என் மனைவி டிபன் டப்பாவைத் திறந்து ராமை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, “தண்ணி வரலையே” என்பார்களாம். மற்றவர்கள் சிரிப்பார்களாம். அதற்குள் அவர்கள் தொட்டிருப்பார்கள்.

அதன் பிறகு அவள் மாதந்தோறும் அந்தக் கம்பெனிக்குப் போனாள். கணிப்பொறி சர்வீஸ் என்று பெயர். அந்தப் பெட்டிக்கு அத்தனை சர்வீஸ் தேவைப்பட்டதில்லை. வேலை நடக்காத விடுமுறை நாள்களாகப் பார்த்துப் போவாள். பையில் மீட்டர் இருக்கும். திரும்பி வந்ததும் நான் கேட்பேன். “இப்போதைக்கு இருக்கு” என்பாள். தீபாவளி நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் குறையும். தீபாவளி அன்று, ஊரே வெடித்துத் தள்ளும்போது, குழந்தையைப் போல உறங்குவாள்.

நோய் வந்தது. மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. முடிவுகளைச் சொல்ல மருத்துவர் எங்களை அழைத்தபோது, அவள் கதவருகே இருந்த கைகழுவும் தொட்டியின் குழாயைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்ப்பதைக் கண்டு, “பழக்கம்ங்க” என்றாள். பிறகு உள்ளே போனோம். நானும் பிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது.

கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய காலையிலும் தகட்டை விளக்கினாள். நின்று செய்ய முடியாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினாள். கழுவித் துடைத்தாள். எழுவதற்கு அதன்மேலேயே கையை ஊன்றினாள். கார் வந்துவிட்டது.

புதிதாக விளக்கிய செம்பு தொட்டவரின் விரலை மறப்பதில்லை. வியர்வையின் உப்பு அந்த இடத்தை முதலில் கறுக்கச் செய்யும். இது நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. காரியம் முடிந்து உறவினர்கள் போன பிறகுதான் கவனித்தேன். தகட்டில் நான்கு விரல்களும் உள்ளங்கையின் ஓரமும் தெளிவாக எழுந்திருந்தன.

செய்யாமல் நிற்பவை:

காலண்டர் அண்ணாச்சியின் பெட்டி, பவர் சப்ளை கழற்றிய நிலையில் மேசைமேல் இருக்கிறது. திருப்பித் தர வேண்டும். அவர் கேட்கவில்லை.

எர்த் குழிக்கு உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டது.

தாயில்பட்டிச் சாலைக் கம்பெனிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். “எல்லாம் பளபளன்னுதான் இருக்கு சார்” என்கிறார் மேனேஜர். அது அளந்ததாகாது.

வாசல் தகட்டைப் புளியிட்டு விளக்க வேண்டும். சண்முகத்தாய் இப்போது அந்தக் கைத்தடத்தின் முன் நின்று கைகூப்பிவிட்டு உள்ளே வருகிறாள். தொடுவதில்லை. தொட்டுவிட்டு வா என்று நான் இன்னும் சொல்லவில்லை.